கூர்நோக்கு இல்லாத கூர்நோக்கு இல்லங்கள்

செஞ்சிக் கோட்டையைக் காணவரும் பள்ளிப் பிள்ளைகள் தவறாமல் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் இடங்களுள் ஒன்று, சிறையாளிக் கிணறு என மக்கள் சொல்லும் பாறைக் குடைவு. சாவுத் தண்டம் பெற்றவரை அதனுள் தள்ளி, உணவும் நீருமின்றித் தாமே மடிய விட்டுவிடுவது பண்டை ஆட்சியாளரின் வழக்கம் என்பது வழிவழிச் செய்தி. பிள்ளைகள் அதனுள் ஒரு கல்லைப் போட்டு ஓசை கேட்பர். உடன்வந்த ஆசிரியர் அதட்டுவார். அக்காலக் கொடுமையை எண்ணி இரங்கிவிட்டு, அடுத்த மலைக்கு ஏறுவர்.

2025 சூலையில் இக்கோட்டை உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. மராட்டியப் படைத்துறைக் கோட்டைகள் என்னும் பெயரில் தொகுக்கப்பெற்ற 12 கோட்டைகளுள் தமிழகத்துக் கோட்டை இஃதொன்றே. இடைக்குலத்து ஆனந்தக்கோன் தொடங்கியதாக வழங்கும் ஒரு கோட்டை மராட்டியர் பெயரால் உலக ஏட்டில் ஏறியதைப் பற்றிப் பேசவேண்டியது மிகுதி. ஆயினும் அது வேறு வழக்கு. இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது கிணற்றின் வழக்கே. கிணற்றில் தள்ளும் ஆட்சி ஒழிந்துவிட்டதா என்பதே கேள்வி.

2022 திசம்பர் இறுதியில், தாம்பரத்தில் மின்கலம் திருடியதாகத் தொடர்வண்டிப் பாதுகாப்புப் படையினர் 17 அகவைச் சிறுவன் ஒருவனைப் பிடித்தனர். அவன் செங்கற்பட்டு அரசினர் கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்டான். திசம்பர் 31-ஆம் நாள் அவன் உயிரோடு இல்லை. அவன் அடித்துக் கொல்லப்பட்டான் என்பது வழக்கு. இல்லத்துப் பணியாளர் அறுவர் தளைப்படுத்தப்பட்டனர். அடைத்து வைத்தது கோட்டையரசன் அல்லன், தமிழக அரசு. அடைத்த இடத்தின் பெயர் சிறை அன்று; இல்லம். அதிலும் கூர்நோக்கு இல்லம்!

எவ்வளவு நல்ல பெயர்! ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கியவர் வெறுமனே பார்த்தல் என்னாது கூர்ந்து நோக்குதல் என்றார். ஒரு பிள்ளை ஏன் பிழை செய்தான், அவன் வீட்டில் உலை கொதித்ததா, அவன் பள்ளியிலிருந்து எப்பொழுது நின்றான், அவனை ஏவியவர் யாவர் எனக் கூர்ந்து நோக்குதற்கான இடம் என்பதே அப்பெயரின் பொருள். பெயர் மட்டும் தமிழாகி, நடப்பு ஆங்கிலேயன் விட்டுச் சென்ற சிறைக்கொட்டடியாகவே இருக்குமாயின், அத்தமிழாக்கத்தால் யாருக்கு என்ன ஆக்கம்? தமிழ்ச்சொல் பொய்யின் மேற்போர்வையாக ஆகுமானால், அதனினும் மொழிக்கு நேரும் இழிவு வேறில்லை.

இந்நிலத்தின் முன்வரலாறு சிறியதன்று. இந்தியத் துணைக்கண்டத்திலேயே சிறுவர்க்கெனத் தனிச்சட்டம் முதன்முதலில் செய்யப்பட்டது சென்னை மாகாணத்தில்தான். அஃது 1920-ஆம் ஆண்டின் சென்னைச் சிறுவர் சட்டம். வங்கம் 1922-லும், பம்பாய் 1924-லும் பின்தொடர்ந்தன. செங்கற்பட்டுச் சீர்திருத்தப் பள்ளியோ அதற்கும் மூத்தது, 19-ஆம் நூற்றாண்டினது. 16-க்கு மேல் 21-க்குள் இருந்த இளைஞரைப் பெரியவர் சிறையிலிருந்து பிரிப்பதற்குப் பார்சுடல் பள்ளிச் சட்டம் 1926-இல் வந்தது. பின்னர் 1986-இல் நடுவண் அரசு நாடு முழுமைக்கும் ஒரே சட்டத்தை இயற்றியது. அதனோடு தமிழகத்தின் சொந்தச் சட்டம் வழக்கொழிந்தது. 1920-ஆம் ஆண்டுச் சட்டம் குறையற்றது என்று யாரும் சொல்லார். அஃதும் அயலான் மொழியில், அயலான் எழுதியதே. ஆயினும், முதலில் நடந்தவன் பின்னர்க் கைபிடித்து நடத்தப்படுபவனாக ஆன கதை நினைவிற் கொள்ளத்தக்கது.

அதன்பின் 2000-இல் ஒரு சட்டம், 2015-இல் மற்றொன்று. 2012 திசம்பரில் தில்லியில் பேருந்தில் நடந்த பெருங்கொடுமையில் ஈடுபட்டவருள் ஒருவன் 18 அகவை நிரம்பாதவன். நாடே கொதித்தது. சினம் முறையானதே. ஆனால் அகவை வரம்பைக் குறைக்கவேண்டா என்று, அக்கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட வர்மா குழு 2013 சனவரியிலேயே தெளிவாகச் சொல்லிற்று. நாடாளுமன்றம் கேட்கவில்லை. 16-க்கும் 18-க்கும் இடைப்பட்டவன் கொடுங்குற்றம் செய்ததாகச் சாட்டப்பெற்றால், இளைஞர் நயன்மைக் குழுமம் (அரசு ஆவணங்களில் இஃது இளைஞர் நீதிக் குழுமம்) ஒரு முதல்நிலை மதிப்பீடு செய்து, அவனைப் பெரியவனாகக் கருதி உசாவ அனுப்பலாம் என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது.

இம்மதிப்பீடு எதைக் கொண்டு செய்யப்படுகிறது? ஒரு பையன் தன் செயலின் விளைவை உணரும் உள்ளத்திறன் உடையவனா என்பதை, மேற்கு நாட்டுப் பிள்ளைகளை வைத்து ஆக்கப்பெற்ற அறிவளவைக் கேள்விகளால் அளக்க முற்படுவதே பெருவழக்கு. மேல்மலையனூர்ப் பக்கம் ஆடு மேய்த்த பையனிடம் அவன் கேட்டறியாத சொற்களால் கேட்டு, அவன் விழித்தால் அறிவு குறைந்தவன் என்றும், விடையிறுத்தால் பெரியவனுக்கு ஒப்பானவன் என்றும் எழுதிவிடலாம். இது நுண்ணிய பணி, உளநூல் வல்லார் துணையின்றிச் செய்யத்தக்கதன்று என 2022-இல் உச்ச நயன்மன்றமே கூற நேர்ந்தது. அப்படியானால் அதற்கு முன் ஆறாண்டுகள் எதன்மேல் நின்று பிள்ளைகளைப் பெரியவராக்கினர்?

இனி, சான்றுகளைப் பார்த்தல் வேண்டும். தமிழர் பெருமை பேசுவோர் சான்றுகளை அஞ்சலாகாது. அவை இங்குத் தமிழன் பக்கமே நிற்கின்றன.

முதலாவது, அளவு. தேசியக் குற்ற ஆவணப் பணியகத்தின் கணக்கின்படி 2022-இல் நாடு முழுவதும் சிறார்மேல் பதியப்பட்ட வழக்குகள் 30,555. அவ்வாண்டு எல்லாச் சட்டங்களின்கீழும் பதியப்பட்ட வழக்குகளோ 58 நூறாயிரத்துக்கும் மேல். இருநூற்றில் ஒன்று என்க. செய்தித்தாள்களின் முதற்பக்கத்தைப் படிப்பவன் இவ்வளவை ஒருபோதும் உணரான்.

இரண்டாவது, அடைத்து வைத்தலின் பயன். இசுக்காட்டுலாந்தின் எடின்பரோ நகரில் 1998-இல் உயர்நிலைப் பள்ளியில் புகுந்த ஏறத்தாழ 4,300 பிள்ளைகளைத் தொடர்ந்து பல்லாண்டு கவனித்துவந்தனர். ஒரே அளவான பிழை செய்த பிள்ளைகளுள், காவலர் கையிலும் வழக்கு மன்றத்திலும் சிக்கியவர் மேன்மேலும் சிக்கினர். தொடாமல் விடப்பட்டவர் பெரும்பாலும் தாமே திருந்தினர். முன்பே ஒருமுறை பிடிபட்டவன், வறிய தெருவிலிருந்து வருபவன் என்பதே மறுமுறை பிடிப்பதற்குப் போதுமானதாயிற்று. 2010-இல் வெளியான மற்றோர் ஆய்வு 29 செய்முறைகளைத் தொகுத்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இளையோரைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கி, ஒரு கூறை வழக்கு வழியிலும் மற்றதை எச்சரித்து விடுதல், அறிவுரைத்தல் முதலிய வழிகளிலும் செலுத்திய செய்முறைகள் அவை. வழக்கு வழியிற் சென்றவரிடம் குற்றம் குறையவில்லை, கூடிற்று. அமெரிக்கச் சிகாகோவில் 35,000 சிறாரின் வாழ்க்கையைப் பார்த்தவர்கள், கண்டிப்பான நடுவரிடம் போனமையால் அடைபட்டவனையும், அதே போன்ற குற்றத்துக்கு இளகிய நடுவரிடம் போனமையால் வீடு திரும்பியவனையும் ஒப்பிட்டனர். அடைபட்டவன் பள்ளிப்படிப்பை முடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 13 அளவு குறைந்தது. வளர்ந்தபின் சிறை புகும் வாய்ப்பு நூற்றுக்கு 20-க்கும் மேல் கூடியது. பெரியவர் மன்றத்துக்கு மாற்றப்பட்ட சிறார் பின்னாளில் வன்செயலில் மிகுதியாக ஈடுபட்டனர் என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு நடுவத்தின் வல்லுநர் குழுவே 2007-இல் அறிவித்தது. நாடு முழுமைக்கும் அந்த வழியைத் திறந்துவிட்டது தில்லி, அதற்கு எட்டாண்டு கழித்து!

ஒருவர் கேட்கலாம்: அயல்நாட்டு ஆய்வு தமிழனுக்கு எதற்கு? சரியான கேள்வியே. இந்நாட்டில் அத்தகைய ஆய்வு இல்லாமையே முதற்குற்றம். எத்தனை சிறுவர் இல்லங்களிலிருந்து வெளிவந்தனர், அவருள் எத்தனைபேர் படித்தனர், எத்தனைபேர் மீண்டும் பிடிபட்டனர் என்று பத்தாண்டுக் கணக்கு ஒன்றைத் தமிழகத்தின் எந்தப் பல்கலைக்கழகமாவது எடுத்து மக்கள்முன் வைத்ததுண்டா? கிடைக்கும் சில கணக்குகளே நெஞ்சைச் சுடுகின்றன. இந்திய நயன்மை அறிக்கைக் குழுவினர் 2025-இல் வெளியிட்டபடி, 362 குழுமங்களின் முன்னிருந்த 1,00,904 வழக்குகளில் 55 விழுக்காடு 2023 அகுதோபர் இறுதியில் முடியாமற் கிடந்தன. நான்கு திங்களில் முடிக்கவேண்டும் என்பது சட்டம். இன்னொரு கணக்கு: 2016 முதல் 2021 வரை நாட்டின் பெரியவர் சிறைகளில், பிள்ளைகள் என்று தெரியாமலோ தெரிந்தோ அடைக்கப்பட்டுப் பின் கண்டுபிடிக்கப்பட்டவர் மட்டும் குறைந்தது 9,681 பேர். இது தகவல் உரிமைச் சட்டத்தால் கேட்டு வாங்கிய எண்.

செஞ்சி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 16 அகவைப் பையன் ஒருவன், பிறனுடைய இருசக்கர வண்டியை எடுத்து ஓட்டி அகப்பட்டான் என்று கொள்க. சட்டம் என்ன சொல்கிறது? காவலர் சீருடையில் அவனிடம் வரலாகாது. காவல்நிலையக் கூண்டில் அடைக்கலாகாது. 24 மணி நேரத்துள் குழுமத்தின் முன் நிறுத்தவேண்டும். கொடுங்குற்றமாகவோ பெரியவருடன் கூடிச் செய்ததாகவோ இருந்தாலன்றி முதல் தகவல் அறிக்கையே பதியலாகாது. பிணையில் விடுவது பொதுநெறி, அடைப்பது விலக்கு. இவ்வளவும் ஏட்டில் உள்ளது. நடப்பில், அவன் தந்தை கல்லுடைப்பவராகவோ, நிலக்கடலை பறிக்கும் கூலியாகவோ இருப்பார். மகன் எங்கே என்பதே அவருக்கு இரண்டாம் நாள் தெரியவரும். குழுமம் மாவட்டத் தலைநகரில். இல்லமோ எல்லா மாவட்டத்திலும் இல்லை. வேற்று மாவட்டத்தில் இருப்பின் ஒருமுறை பார்த்துவர ஒருநாட் கூலியும் பேருந்துச் செலவும் போகும். நான்கு முறை போகமுடியாதவரைப் பிள்ளைமேல் பற்றில்லாதவர் என எழுதிக்கொள்ளும் கோப்புகள் உண்டு. பற்றில்லாத குடும்பத்துக்குப் பிள்ளையை அனுப்புவது எப்படி என்று பிணை மறுக்கப்படும். அவன் இருளர் குடியிருப்பிலோ குறவர் குடியிருப்பிலோ பிறந்தவனாயின் சொல்லவே வேண்டா. களவு என்றாலே அக்குடியிருப்பை நோக்கிக் காவல் வண்டி திரும்பும் பழக்கத்துக்கு எடின்பரோ ஆய்வு வேண்டுவதில்லை. திருக்கோவலூரிலும் திண்டிவனத்திலும் கேட்டால் போதும்.

திருக்கோவலூர் என்றதும் நினைவுக்கு வரவேண்டிய செய்தி ஒன்றுண்டு. செஞ்சிக்குத் தென்மேற்கே உள்ள அந்நாடு மலையமானுடையது. அவன் மக்களை, பகைவன் பிள்ளைகள் என்பதற்காகவே, சோழன் கிள்ளிவளவன் யானைக்காலில் இடத் துணிந்தான். அப்பொழுது மன்றில் எழுந்து தடுத்தவர் கோவூர்கிழார். புறநானூற்றின் 46-ஆம் பாட்டு அது. புலவர் சட்டம் பேசவில்லை. பிள்ளைகளைச் சுட்டிக் காட்டினார். அழுதுகொண்டிருந்த அப்பிள்ளைகள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்தனர். மன்றத்தில் கூடியிருந்த புதியவர்களை மருண்டு நோக்கினர். யானை தம்மைக் கொல்லவந்தது என்று அறியாத அகவை அது. அதற்குமேல் சோழனுக்குச் சொல்லவேண்டியது இல்லையாயிற்று, பிள்ளைகள் உயிர்பிழைத்தனர். ஒரு பிள்ளையை முதலில் பார்த்தல், பின் வழக்கைப் பார்த்தல்! கூர்நோக்கு என்பதன் இலக்கணம் இதுவே. சிறார் என இன்று அரசு எழுதும் சொல்லும் அப்பாட்டில் உள்ளதே என்பதை, அச்சொல்லை ஆளும் அலுவலர் அறிந்திருக்க வழியில்லை.

மற்றொரு பாட்டும் உண்டு, மேடைதோறும் முழங்கப்படுவது. பெற்று வளர்ப்பவள் தாய், சான்றோனாக்குபவன் தந்தை, வேல் வடிப்பவன் கொல்லன் எனக் கடமைகளைப் பகுத்த பொன்முடியார், நன்னடையை நல்கும் கடமையை அரசன்மேல் வைத்தார். நன்னடை என்பதற்குத் தண்ணடை எனப் பாடங்கொள்வாரும் உளர். அது மருதநிலத்து ஊரைக் குறிக்கும். எந்தப் பாடத்தைக் கொண்டாலும் அரசன் கடனாளியே. முதற்பாடத்தின்படி இளைஞனுக்கு ஒழுக்கம் தரவேண்டும். இரண்டாவதின்படி வாழ நிலம் தரவேண்டும். அப்பாட்டின் ஈற்றடியைச் சொல்லி மறம் பேசுவோர் அரசன் கடமையைச் சொல்லும் அடியில் ஏனோ நிற்பதில்லை.

தில்லியைக் குறைகூறிவிட்டு இதில் யாரும் தப்பிவிட முடியாது. செங்கற்பட்டு இல்லத்தை நடத்தியது தில்லி அன்று. தமிழ் பேசும் பணியாளர், தமிழ் பேசும் பிள்ளையை, தமிழ் பேசும் அரசின் சம்பளத்தில் இருந்துகொண்டு என்ன செய்தனர் என்பதே வழக்கு. அதன்பின் அரசு 2023-இல் ஓய்வுபெற்ற உயர்நயன்மன்ற நடுவர் சந்துருவை ஒருநபர் குழுவாக அமைத்தது. 1990-களில் கடலூர் மாவட்டத்துக் குறவர் குடும்பம் ஒன்றின் காவல்நிலையச் சாவு வழக்கை வழக்கறிஞராக நின்று நடத்தியவர் அவர், தேர்வு பொருத்தமானதே. இல்லங்களின் நிலையை ஆராய்ந்து, அவற்றை ஆள்வதற்குத் தனி அமைப்பே வேண்டும் என்பது உட்பட, ஏறத்தாழ 500 பக்கம் கொண்ட அறிக்கையை அவர் 2023 நவம்பரில் முதலமைச்சரிடம் அளித்தார். அவ்வாண்டே நாங்குநேரியில் பள்ளி மாணவர் சிலர், தம்முடன் படித்த ஒடுக்கப்பட்ட குலத்து மாணவனை வீடு புகுந்து வெட்டிய கொடுமையின் பின் அமைந்த குழுவுக்கும் அவரே தலைவர். அதன் அறிக்கை 2024 சூனில் வந்தது. அங்கு வெட்டியவர் சிறாரே. அவருக்கு அரிவாளை யார் தந்தது என்பதைவிட, கையில் சாதிக்கயிற்றை யார் கட்டியது என்பதே பெரிய கேள்வி. பெற்றோர் கட்டினர், ஊர் பார்த்துக்கொண்டிருந்தது, பள்ளி கண்டும் காணாதது போல் இருந்தது. அவ்வகையில் பிள்ளையை மட்டும் அடைத்துவிட்டால் முடிந்ததா?

கூலிப்படையினர் 18 நிரம்பாதவரையே தேடிப் பிடித்து ஏவுகின்றனரே, தண்டம் குறைவு என்பதால்தானே என்பது நேர்மையான தடை. உண்மைதான், ஏவுகின்றனர். ஆனால் ஏவியவனுக்கு அதே சட்டத்தின் 83-ஆம் பிரிவு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஐந்து நூறாயிரம் உருபா தண்டமும் வைத்திருக்கிறது. அப்பிரிவின்கீழ் எத்தனை ஏவலாளரைத் தமிழகக் காவல்துறை வழக்கிற்கு இழுத்தது எனக் கேட்டுவிட்டு, அதன்பின் பிள்ளையின் அகவையைக் குறைப்பது பற்றிப் பேசலாம். கஞ்சாப் பொட்டலத்தைப் பையன் கையில் கொடுத்தவன் வெளியிலும் பையன் உள்ளேயும் இருப்பது எந்த நாட்டு முறை?

சொல் பற்றியும் ஒன்று கூறவேண்டும். குற்றஞ்சாட்டும், இழிவுசெய்யும் சொற்களைப் பிள்ளை தொடர்பான நடவடிக்கைகளில் ஆளலாகாது என்பது 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவிலேயே நெறியாக எழுதப்பட்டுள்ளது. சொல்லுக்கு ஆற்றல் உண்டு என்று தமிழறிஞர் காலங்காலமாகச் சொல்லிவருவதைச் சட்டமும் ஒப்புக்கொண்டது. ஆனால் காவல்நிலையத்தில் அப்பையன் அக்யூசுடு, செய்தித்தாளில் இளங்குற்றவாளி, பள்ளியில் போலீசுக்குப் போனவன். வழக்கு முடிந்தபின் அப்பதிவால் எத்தகுதிக்கேடும் நேரலாகாது என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது. பெரியவராக உசாவப்பட்டவர்க்கே விலக்கு. அப்பிரிவைப் படித்த தலைமையாசிரியர் எத்தனைபேர்? திரும்பிவந்த பையனிடம் மாற்றுச் சான்றிதழை நீட்டி, வேறு பள்ளி பார்த்துக்கொள் என்று கூறும் பள்ளிகள் ஊர்தோறும் உள்ளன. குழுமம் ஒன்றரைத் திங்களில் விட்டுவிட்டவனுக்கு, வாழ்நாள் தண்டம் தருவது பள்ளி. இதனை ஆசிரியர் இனம் வாளா ஒப்புக்கொண்டிருப்பது பெருங்குறை.

நியூசீலாந்து இதில் ஒரு வழி கண்டது. 1989-இல் அந்நாடு தன் சட்டத்தை மாற்றி, பிழை செய்த பிள்ளை, அவன் பெற்றோர், உற்றார், இழப்புற்றவர் ஆகியோரை ஒன்றாக அமர்த்திப் பேசவைத்து, ஈடுசெய்யும் வழியை அவர்களே முடிவுசெய்ய விட்டது. அங்குள்ள மாவோரி முதுகுடியினர் தம் பிள்ளைகளை அயலார் மன்றங்கள் குடும்பத்தினின்று பிய்த்தெடுப்பதாகக் குமுறியதன் விளைவே அது. மாவோரி குடும்ப மரபு சட்டத்துக்குள் புகுந்தது. அதில் எல்லாம் சரியாகிவிட்டது என்று அந்நாட்டாரும் சொல்லார். இன்றும் அடைபடுபவருள் மாவோரிப் பிள்ளைகளே மிகுதி. எனினும், தன் மொழியில், தன் உறவினர் நடுவில், தான் செய்ததைத் தானே சொல்லி மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது சிறிய செய்தியன்று. ஊர்ப்பொதுவில் கூடிப் பேசும் பழக்கமுள்ள தமிழர்க்கு அது புதிதுமன்று. ஆனால் சாதித் தலைவர்கள் அமர்ந்து தண்டம் வாங்கும் கட்டப்பஞ்சாயத்தை யாரும் அதனோடு குழப்பலாகாது.

தமிழக அரசு செய்யவேண்டுவன தொலைவில் இல்லை. நடுவர் சந்துரு அளித்த பரிந்துரைகளுள் எவை ஏற்கப்பட்டன, எவை நிறைவேறின, எவை ஒதுக்கப்பட்டன என்று ஒவ்வொன்றாகச் சட்டமன்றத்தில் வைக்கட்டும். இல்லங்களிலிருந்து வெளிவருவோரின் பத்தாண்டுக் கணக்கைப் பல்கலைக்கழகம் ஒன்றிடம் ஒப்படைக்கட்டும். பெயர்கள் வேண்டா, எண்கள் போதும். நன்னடத்தை அலுவலர் ஒருவர் மாதத்துக்கு எத்தனை வீடுகளுக்குச் செல்லமுடியும் என்று கணக்கிட்டு, அதற்கேற்ப ஆட்களை அமர்த்தட்டும். தொலைவிலுள்ள இல்லத்தில் பிள்ளையைப் பார்க்கவரும் பெற்றோர்க்குப் பேருந்துச் செலவை அரசே தரட்டும். அடைத்து வைப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது பிச்சைக்காசு.

கீழமை மன்றங்களின் தீர்ப்புகள் தமிழில் அமையவேண்டும் என்பதற்காக 1976-இல் தமிழக ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. ஆங்கிலத்தில் எழுதும் பழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. மற்ற வழக்குகளில் எப்படியாயினும், பிள்ளைகள் வழக்கிலேனும் ஒரு தாள்கூட ஆங்கிலத்தில் வெளிவரலாகாது. மகனை ஏன் வைத்திருக்கின்றனர், எந்நாளில் விடுவர், அடுத்து எங்கு வரவேண்டும் என்பவற்றை, விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குத் திரும்பும் பேருந்தில் அமர்ந்தவாறே அத்தந்தை பக்கத்திலிருப்பவரிடம் நீட்டாமல் தாமே படித்தறிய வேண்டும்.